அம்சவேணி போட்ட கூரை

செய்தி வந்தபோது நான் தேர்வு அறையில் கண்காணிப்பில் இருந்தேன். மணியடித்து விடைத்தாள்களைக் கட்டிக் கொடுத்த பிறகுதான் கைப்பேசியைப் பார்த்தேன். அம்சவேணியின் பட்டறையில் வேலைசெய்யும் முனுசாமி பல முறை அழைத்திருந்தார். திரும்ப அழைத்ததும், வணக்கம்கூடச் சொல்லாமல் பேசினார்.

"டீச்சர், அம்சாக்கா பூட்டாங்க. காலைல பட்டறை ஷட்டரத் தூக்கிக்கினு இருந்தாங்க. அப்டியே உக்காந்தாங்க, அவ்ளோதான்."

நான் "சரிங்க" என்றேன். அந்த நேரத்துக்குப் பொருத்தமான சொல் அதுவல்ல என்று எனக்கே தெரிந்தது.

கச்சிராயபாளையம் சாலையில் கூரை வேலைப் பட்டறை நடத்திய அம்சவேணியை உங்களில் பெரும்பாலோர் என்னைவிட நன்றாக அறிவீர்கள். வெல்டராக இருந்த கணவர் இறந்ததும் பட்டறையை விற்றுவிடச் சொன்னவர்கள் உங்களிலேயே இருக்கிறீர்கள். பிற்பாடு அவரிடமே வேலைக்குச் சேர்ந்தவர்களும் இருக்கிறீர்கள். நான் கல்லூரியில் புவியியல் நடத்துகிறவள். அவரிடம் வாடிக்கையாளராகப் போய்ச் சேர்ந்தவள். ஆனால் அவரைப் பற்றி உங்களில் யாருக்கும் தெரியாத ஒன்று இருக்கிறது. அதனால்தான், காரியத்தன்று வாசிக்க நாலு வரி எழுதித் தரும்படி முனுசாமி கேட்டபோது மறுக்கவில்லை. நாலு வரிக்குள் அது அடங்காது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் என் வீட்டுக் கதை. வாங்கிய இரண்டாம் வருடமே மொட்டைமாடித் தளம் ஒழுக ஆரம்பித்தது. மாடி முழுவதையும் கலர் ஷீட் போட்டு மூடிவிடலாம் என்று முடிவுசெய்து, அளவெடுக்க அவரை அழைத்திருந்தேன். அளவுநாடாவை வெளியே எடுக்காமல் ஒரு வாளித் தண்ணீர் கேட்டார். அதை மாடியின் நடுவில் கொட்டிவிட்டு, இடுப்பில் கைவைத்துப் பார்த்துக்கொண்டு நின்றார். தண்ணீரும் எங்கும் போகாமல் நின்றது.

"வாட்டமே இல்லீங்க டீச்சர்."

என் முகத்தைப் பற்றிச் சொல்கிறார் என்று நினைத்தேன். அம்மா இறந்து சில மாதங்களே ஆகியிருந்தன. துக்கம் கேட்க வந்தவர்கள் எல்லாம் வாடியிருக்கிறாய், இளைத்திருக்கிறாய் என்று சொல்லிப் போயிருந்தார்கள். இவராவது இல்லை என்கிறாரே என்று, "ஆமாம், இப்போது பரவாயில்லை" என்றேன்.

அவர் என்னை ஒரு கணம் பார்த்தார். பிறகு சிரித்தார். வாய்விட்டுச் சிரிக்கிறவர், உங்களுக்குத் தெரியும்.

"ஐய, உங்களுக்கு இல்லீங்க! தளத்துக்கு. தண்ணி ஓடறதுக்கு சாய்வு வுடலீங்க உங்க மேஸ்திரி. இதும்மேல ஷீட்டப் போட்டா ஒழுவுறது உங்களுக்குத் தெரியாது. ஆனா ஒழுவும். மொதல்ல தளத்த ஒடச்சி வாட்டம் வுட்டுப் போடச் சொல்லுங்க. அப்பறமும் ஷீட்டு வேணும்னா கூப்புடுங்க."

தன் பொருளை வேண்டாம் என்று சொல்லும் வியாபாரியை நான் எளிதில் நம்புகிறவள் அல்ல. அதற்குள்ளும் ஏதோ கணக்கு இருக்கும் என்றே நினைத்தேன். வேறு இருவரை அழைத்துக் கேட்டேன். இருவரும் உடனே அளவெடுத்தார்கள். கடைசியில் அவர் சொன்னபடியே செய்தேன். ஷீட்டுக்குத் தேவையே வரவில்லை.

அந்த வருடம் முதல் மழையன்று மாலையில் அவர் கதவைத் தட்டினார். நனைந்த ரெயின்கோட்டை வாசலில் உதறிவிட்டு நேராக உள்ளே போய், ஒவ்வோர் அறையிலும் அண்ணாந்து பார்த்தார். "வெயில்ல வந்து பாத்தா எல்லாக் கூரையும் நல்ல கூரதான் டீச்சர்" என்றார். அதன்பின் ஒவ்வொரு வருடமும் முதல் மழைக்கு வந்தார். தான் போடாத கூரைக்கு ஏன் வருகிறார் என்று நான் கேட்கவில்லை. தேநீர் குடிப்பார், ஊர்க்கதை பேசுவார், மழை விட்டதும் கிளம்பிவிடுவார். என் வீட்டுக்கு வேலை எதுவும் இல்லாமல் வந்துபோன ஒரே ஆள் அவர்தான்.

எங்கள் கல்லூரியில் மலையிலிருந்து வந்து படிக்கும் பெண்கள் உண்டு. அவர்களைச் சேர்ப்பதற்காக நான் வெள்ளிமலைப் பக்கத்துச் சிற்றூர்களுக்கு அடிக்கடி போவேன். அப்படி ஒரு பெண்ணின் தாய் காளியம்மாள். அவர் வீட்டுக் கூரை மக்கிப் போயிருந்ததைப் பார்த்து, ஆசிரியர்கள் சிலர் சேர்ந்து புதிதாகப் போட்டுத் தருவதென்று முடிவுசெய்தோம். எதைப் போடுவது என்று நாங்கள் விவாதித்ததைக் கேட்டு அம்சவேணி கொட்டாவி விட்டார். ஓடு குளிர்ச்சிதான், ஆனால் குரங்கு புரட்டிப்போடும், அந்தப் பாதையில் ஏற்றுவதற்குள் பாதி உடையும். சிமெண்ட் அட்டையை அறுக்கும் தூசியைப் பிள்ளைகள் மூச்சில் இழுக்கக் கூடாது. கான்கிரீட்டைத் தாங்க அந்த மண்சுவரால் முடியாது. மிஞ்சியது கலர் ஷீட். "சூடு ஏறும். மழையில சத்தம் கேக்கும். அத அவங்ககிட்ட இப்பவே சொல்லிடுங்க. அப்பறம் சொன்னா ஏமாத்துன மாரி ஆயிடும்" என்றார்.

கார்த்திகையில் ஒரு நாள் மினி லாரியில் ஏறினோம். காளியம்மாள் சாமை அறுப்புக்குப் போயிருந்தார். வீட்டில் காது கேளாத மாமனார் மட்டும் இருந்தார். வேலையைத் தொடங்குமுன் அம்சவேணி என்னிடம் வந்தார்.

"டீச்சர், இங்க காத்து எந்தப் பக்கம்? ஷீட்டுக்கு வாய் உண்டு. ஒண்ணுமேல ஒண்ணு ஏறுற எடத்துல ஓரம் தொறந்து நிக்குது பாருங்க, அதான் வாய். அத காத்துக்கு முதுகு காட்டி வெக்கணும். எதுத்தாப்ல வெச்சா காத்து உள்ள பூந்துரும்."

"வடகிழக்கு" என்றேன்.

"அந்தம்மா வரட்டுமே. ஒரு வார்த்த கேட்டுக்கலாம்."

இருட்டுவதற்குள் இறங்கிவிட வேண்டும் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். வாடைக்காற்று என் கன்னத்தில் பட்டுக்கொண்டுதான் இருந்தது. நம் மாவட்டத்துக்குப் பெருமழை எந்தக் காற்றில் வருகிறது என்பதை நான் இருபது வருடமாகக் கரும்பலகையில் அம்புக்குறி போட்டு நடத்தி வருகிறேன். அதைத்தான் அவரிடமும் சொன்னேன். கொஞ்சம் பொறுமையிழந்து சொன்னேன் என்றும் நினைக்கிறேன்.

"சரிங்க, படிச்சவங்க சொல்றீங்க" என்று அவர் ஏணியில் ஏறினார். வாய் மேற்கே பார்க்க ஷீட்டுகள் ஏறின.

ஆடியில் காற்று மேற்கேயிருந்து வந்தது. ஓடைப் பள்ளத்தின் வழியாக ஏறி வந்து, ஒரே மதியத்தில் பாதிக் கூரையைப் பிய்த்து மரவள்ளிக் கொல்லையில் எறிந்தது. யாருக்கும் அடி படவில்லை. ஆனால் விதைக்கு வைத்திருந்த சாமை முழுவதும் நனைந்துபோனது.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது காளியம்மாள் நனைந்த சாமையைப் பாயில் பரப்பிக்கொண்டிருந்தார். அவர் கத்தவில்லை. "இங்க வாடக்காத்துக்கு வேகம் இல்லீங்க. ஆடிக் காத்துதாங்க பள்ளத்துல ஏறி வரும். சின்னப் புள்ளயக் கேட்டாலும் சொல்லும். எங்கள யாருமே கேக்கலியே" என்றார்.

ஊர்ப் பெரியவர் அம்சவேணியைப் பார்த்துக் கேட்டார்: "யாரு சொல்லிம்மா இப்பிடிப் போட்ட?"

நான் அம்சவேணிக்குப் பக்கத்தில்தான் நின்றிருந்தேன்.

"யாரு சொல்லணுங்க? நாந்தான். கீழ போடுற நெனப்புலயே போட்டுட்டேன். எம் புத்திதான் மழுங்கிப்போச்சு" என்றார் அம்சவேணி.

நான் வாயைத் திறக்கவில்லை. திறப்பதற்கு நேரம் இருந்தது. பெரியவர் வெற்றிலை போட்டு முடிக்கும்வரை அங்கேதான் நின்றோம்.

இறங்கும் வழியில் லாரியில் கேட்டேன், ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று. அவர் சாலையைப் பார்த்தபடியே சொன்னார்.

"நீங்க நாளைக்கும் இந்த ஊருக்கு வந்து, புள்ளைங்களக் காலேஜுக்கு அனுப்புங்கன்னு கேக்கணும். உங்க சொல்லு அங்க நிக்கணும். எனக்கு இன்னாங்க? ஷீட்டுக்காரிய யாரு ஞாபகம் வெச்சிக்கப் போறாங்க."

அடுத்த வாரமே ஆளோடு போய் எல்லாவற்றையும் கழற்றி, வாயைக் கிழக்கே திருப்பிப் போட்டுக் கொடுத்தார். இம்முறை காளியம்மாளைக் கேட்டுக்கொண்டு போட்டார். மறந்துவிடுவார்கள் என்று அவர் நினைத்தது மட்டும் நடக்கவில்லை. அதற்குப் பிறகு மலையிலிருந்து அவருக்கு ஒரு வேலைகூட வரவில்லை. பட்டறைத் தெருவில் 'பறக்குற கூரை அம்சா' என்று பெயர் வைத்தீர்கள். கேலிதான், பகை இல்லை என்பது எனக்குத் தெரியும். அவரும் சேர்ந்து சிரித்தார். முதல் மழைக்கு என் வீட்டுக்கு வருவதையும் நிறுத்தவில்லை. மூன்று வருடம், ஒவ்வொரு முறையும் அவருக்குத் தேநீர் போடும்போது, இன்று பேசிவிட வேண்டும் என்று நினைப்பேன். அதற்குள் மழை விட்டுவிடும்.

அவரை எடுத்த அன்று பந்தலில் எனக்குப் பின்வரிசையில் இருவர் பேசிக்கொண்டிருந்தார்கள். "நல்ல கைதான்பா. அந்த மலை வேலதான் கெடுத்துச்சி. காத்து எந்தப் பக்கம்னுகூடப் பாக்காம போட்டுதே, அதுக்கு இன்னா கெரகமோ" என்றார் ஒருவர். அப்போதும் நான் திரும்பிப் பார்க்கவில்லை. சாவு வீட்டில் இதையெல்லாம் பேசக் கூடாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். எனக்கு எப்போதும் ஏதாவது ஒரு காரணம் கிடைத்துவிடுகிறது.

அவர் போய் ஒரு வாரத்தில் மழை பெய்தது. மாலை நான்கு மணிக்குத் தொடங்கியது. விளக்கைப் போட்டுவிட்டு ஒவ்வோர் அறையாகப் போய் நானே அண்ணாந்து பார்த்தேன். எங்கும் ஈரம் இல்லை. பிறகு செய்வதற்கு ஒன்றும் இருக்கவில்லை. அன்றிரவு வரை யாரிடமும் ஒரு வார்த்தை பேசவில்லை என்பது படுக்கப் போகும்போதுதான் உறைத்தது.

இதை எழுதுவதற்கு முன் எனக்கு இன்னோர் இடத்தில் வேலை இருந்தது. போன ஞாயிற்றுக்கிழமை மலையேறி காளியம்மாளிடம் போனேன். திசை சொன்னது நான்தான் என்றேன். அவர் முறத்தைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"அப்பவே சொல்லியிருந்தா இன்னாங்க? உங்கள அடிச்சா போட்டுருப்போம்? அந்தம்மா இன்னும் நாலு வூட்டுக்குக் கூர போட்டிருக்கும்."

அவர் எழுந்து போய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். குடித்துவிட்டு இறங்கி வந்தேன்.

இறந்தவரிடமிருந்து எதைப் பெற்றுக்கொண்டோம் என்று சொல்லி முடிப்பது வழக்கம். நான் பெற்றுக்கொண்டேன் என்று சொல்ல முடியாது. அவருடைய நல்ல பெயர் மூன்று வருடமாக என்னிடம் இருக்கிறது. அது அவருடையது. இந்தக் கூட்டத்தில் அதைத் திருப்பி வைக்கிறேன். இனி அந்த மலை வீட்டைப் பற்றிப் பேச்சு வந்தால் இப்படிச் சொல்லுங்கள்: பறந்த கூரை காலேஜ் டீச்சர் சொல்லிப் போட்டது. இப்போது நிற்கிற கூரை அம்சவேணி போட்டது.