பட்டினிக்குப் பிறகு

நர்சிங் படிப்பில் ஊட்டச்சத்துதான் லேசான பாடம் என்று எங்கள் வகுப்பில் எல்லோரும் சொல்வார்கள். மாவுச்சத்து, புரதம், கொழுப்பு, எதில் எவ்வளவு கலோரி, எந்த வைட்டமின் குறைந்தால் என்ன நோய் என்று உருப்போட்டால் தேறிவிடலாம். பட்டினியைப் பற்றிப் புத்தகத்தில் ஒரு சின்னப் பத்தி மட்டும் இருந்தது. வெகுநாள் சாப்பிடாமல் கிடந்தவருக்கு ஒரேயடியாக உணவு கொடுக்கக் கூடாது, கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கூட்ட வேண்டும் என்று அதில் போட்டிருந்தது. படித்தபோது எனக்கு யாருடைய முகமும் மனதில் வரவில்லை.

அந்த மழைக்காலத்தில் கொல்கத்தாவில் பாலிகஞ்ச் பக்கம் ஒரு ஆஸ்பத்திரியில், ஆண்கள் வார்டில் எனக்குப் பயிற்சி. வார்டு பொறுப்பு நர்ஸை நாங்கள் தீதி, அதாவது அக்கா, என்றுதான் கூப்பிடுவோம். ஒருநாள் காலையில் அவர் என்னை அழைத்து, "உங்க ஊர்ப் பையன் ஒருத்தன் வந்திருக்கான். யார் கேட்டாலும் பதில் சொல்ல மாட்டேங்கிறான். நீ தமிழ்ல பேசிப் பாரு" என்றார். என் ஊர் என்று அவர் சொன்னதை நான் விடுமுறைகளில் மட்டுமே பார்த்திருக்கிறேன். அப்பாவுக்கு ரயில்வே வேலை. நான் பிறந்து வளர்ந்தது எல்லாம் இங்கேதான். தமிழ் எனக்கு வீட்டுக்குள் பேசும் மொழி, அவ்வளவுதான்.

கட்டிலில் கிடந்தவருக்கு இருபத்தைந்து, இருபத்தாறு வயது இருக்கும். விருதுநகர் பக்கத்துக்காரர். ஐ.டி. வேலைக்காகக் கொல்கத்தா வந்து, ஜாதவ்பூரில் ஒரு வீட்டு மாடியில் தனியாக அறை எடுத்துத் தங்கியிருந்தார். வேலை போனதிலிருந்து வெளியே வருவதைக் குறைத்துக்கொண்டார். ஒரு மாதத்துக்கு மேல் டீயும் பிஸ்கட்டுமாக ஓட்டி, கடைசியில் அதையும் விட்டிருக்கிறார். கதவைத் தட்டித் தட்டிப் பார்த்த வீட்டுக்கார அம்மா தாழ்ப்பாளை உடைக்க வைத்து இங்கே கொண்டுவந்து சேர்த்தார். போர்வைக்கு மேலே கிடந்த கை குழந்தையின் கை போல இருந்தது.

"அண்ணா, நான் தமிழ்தான். ஏதாவது வேணுமா?"

"லைட்ட அணைச்சிருங்க" என்றார்.

முதலில் வைட்டமின் பி1 ஊசி. பிறகு பால் போன்ற ஒரு கரைசல், சின்னக் கிண்ணத்தில் அளந்து, இடைவெளி விட்டு விட்டு. தினமும் ரத்தப் பரிசோதனை. ஏன் இவ்வளவு பயப்படுகிறார்கள் என்று மாணவிகள் கேட்டபோது தீதி விளக்கினார். பட்டினி கிடக்கும் உடம்பு தன்னையே தின்று உயிர் வாழ்கிறது. திடீரென்று நிறைய உணவு உள்ளே போனால் இன்சுலின் ஏறும். ரத்தத்தில் மிச்சமிருக்கும் பாஸ்பேட்டும் பொட்டாசியமும் செல்களுக்குள் ஓடிவிடும். இதயம் தடுமாறும், உடம்பில் நீர் தேங்கும். "அதனாலதான் ஆஸ்தே ஆஸ்தே" என்றார். மெல்ல மெல்ல.

மறுநாள் அவருடைய அம்மா ஊரிலிருந்து வந்தார். கணவர் இல்லை, ஒரே பிள்ளை. வாழ்க்கையில் முதல்முறையாக விமானம் ஏறியிருக்கிறார். நான்தான் வார்டுக்குள் கூட்டிப் போனேன். மகனின் கட்டில் முன்னால் வந்து நின்றுகொண்டு, "எம்புள்ள எங்க தாயி?" என்று என்னைக் கேட்டார்.

அடுத்த கிண்ணம் வந்தபோது அழுது முடித்திருந்தார். "இவ்வளவுதானா? சங்குல புகட்டுற அளவுல்ல இருக்கு. பட்டினியா கெடந்தவனுக்கு இதையா குடுப்பாக?"

"இப்ப நிறையக் குடுத்தா ரத்தத்துல இருக்கிற சத்து குறைஞ்சிடும்மா. நெஞ்சு தாங்காது."

"சோறு தின்னா சத்து குறையுமா? எந்த ஊர்ல இப்பிடிப் படிச்சுக் குடுக்காங்க?"

வங்காளத்தில் என்றால் இன்னும் நன்றாகச் சொல்லியிருப்பேன். தமிழில் எனக்கு அதற்கு மேல் வார்த்தை வரவில்லை. தீதி வந்து, வெளியிலிருந்து எதுவும் கொடுக்கக் கூடாது என்று சைகையோடு சொன்னார். அம்மா தலையை ஆட்டினார்.

ஜாதவ்பூர் வீட்டுக்கார அம்மா இந்த அம்மாவுக்குத் தன் வீட்டிலேயே இடம் கொடுத்திருந்தார். மறுநாள் அம்மா தனியாகக் கரியாஹாட் சந்தைக்குப் போய், கையைக் காட்டி அரிசியும் வெல்லமும் வாழைப்பழமும் வாங்கி வந்து கஞ்சி வைத்திருக்கிறார். மாலையில், பார்வையாளர் கூட்டத்துக்கு நடுவே, முந்தானைக்குள் தூக்குவாளியை மறைத்துக் கொண்டுவந்து மகனுக்குக் கொடுத்திருக்கிறார். எங்களிடம் முகம் கொடுத்தே பேசாதவர் அம்மாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டே எல்லாவற்றையும் குடித்திருக்கிறார்.

அடுத்த நாள் மதியம் அவர் பாதங்கள் வீங்கியிருந்தன. மூச்சு வாங்கியது. நாடி தாறுமாறாக ஓடியது. ஐ.சி.யூ.வுக்குக் கொண்டுபோனார்கள். வெளியே வந்த டாக்டர், அம்மா மகனுக்கு என்ன கொடுத்தார் என்று கேட்கச் சொன்னார். கேட்டேன்.

"கஞ்சி வச்சுக் குடுத்தேன் தாயி. ரெண்டு டம்ளர் குடிச்சான். பழமும் தின்னான்." அவர் குரலில் இன்னும் கொஞ்சம் சந்தோஷம் மிச்சமிருந்தது.

அதனால்தான் இப்படி ஆயிற்று என்று சொல்லச் சொன்னார் டாக்டர். நான், "உடம்புக்கு ஒத்துக்கலையாம்மா. சரி பண்ணிடுவாங்க" என்றேன். ஆனால் டாக்டரின் முகத்தை யாரும் மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை.

"நான் குடுத்ததா?"

அவர் அப்படியே சுவரோரம் தரையில் உட்கார்ந்துவிட்டார். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

மகன் பிழைத்துக்கொண்டார். பாஸ்பேட்டை நரம்பு வழியாக ஏற்றி, தேங்கிய நீரை இறக்கி, சில நாட்களில் வார்டுக்கு அனுப்பினார்கள். அளவு மெல்லக் கூடியது. குழைந்த சோறு வரைக்கும் வந்தாயிற்று. ஆனால் சாப்பாட்டுத் தட்டு வந்தாலே அம்மா எழுந்து ஜன்னல் பக்கம் போய்விடுவார்.

"இனிமே நீங்களே ஊட்டலாம்மா. தீதியே சொல்லிட்டாங்க."

"நீயே குடு தாயி. என் கை வேணாம்."

கட்டிலில் இருந்தவருக்கு அது கேட்டது. "ஒன்னால இல்லம்மா" என்றார். அவர் அம்மாவிடம் பேசி நான் கேட்டது அந்த ஒன்றுதான். அம்மா ஜன்னலை விட்டுத் திரும்பவில்லை. நான் ஊட்டினேன். நாலு வாய் வாங்கிக்கொண்டு போதும் என்று கையைக் காட்டினார். மனநல டாக்டர் வந்து பார்த்து, ஊரில் தொடர்ந்து காட்ட வேண்டும் என்று சொல்லி மாத்திரை எழுதிக் கொடுத்தார்.

ஊருக்குக் கிளம்புமுன் அறையைக் காலி செய்ய வேண்டியிருந்தது. எனக்கு அன்று விடுமுறை. பாஷைக்கு ஆள் வேண்டுமே என்று நானும் அம்மாவோடு ஜாதவ்பூர் போனேன். துணிகளை மடித்து வைத்துவிட்டு அடுக்களைக்குள் போனோம். அலமாரியில் ஊரிலிருந்து வந்த பார்சல்கள் ஒன்றன் மேல் ஒன்றாக இருந்தன. ஒன்றில்கூட ஒட்டிய டேப் பிரிக்கப்படவில்லை. பருப்புப் பொடி, வத்தல், சீடை என்று அம்மா வெளியிலிருந்தே தடவிப் பார்த்துச் சொன்னார்.

"சாப்பிட்டேன், நல்லாருந்துச்சுன்னு போன்ல சொன்னானே" என்றார். என்னிடம் சொன்ன மாதிரி இல்லை. ஒவ்வொன்றாக எடுத்துப் பைக்குள் வைத்தார். அவர் என்ன சொல்கிறார் என்று வாசலில் நின்ற வீட்டுக்கார அம்மா என்னைக் கேட்டார். ஒன்றுமில்லை மாஷிமா என்றேன்.

அவர்கள் போன பிறகு சில தடவை போன் செய்தேன். ஒவ்வொரு முறையும் அம்மாதான் எடுத்தார். "எடை கூடிருக்கான். வீட்டுலதான் இருக்கான், பேச மாட்டேங்கான். நான் ஆக்கி மூடி வச்சுட்டு வெளிய போயிருவேன். அவனா எடுத்துப் போட்டுக்கிருவான்." நீங்கள் சாப்பிட்டீர்களா என்று கேட்டால் பேச்சை மாற்றிவிடுவார்.

துர்கா பூஜை விடுமுறை முடிந்து என்னைக் குழந்தைகள் வார்டுக்கு மாற்றினார்கள். குளிர்காலத்தில் ஒருநாள் கூப்பிட்டபோது அந்த எண் உபயோகத்தில் இல்லை என்று வந்தது. வேறு எண் என்னிடம் இல்லை. மகன் மறுபடி வேலைக்குப் போனாரா, மாத்திரையைத் தொடர்ந்து சாப்பிடுகிறாரா, எதுவும் எனக்குத் தெரியாது.