மலாக்கா வெயிலில் ஒரு ஹீட்டர்

வண்டிகளுக்கு வயர் வேலை பார்ப்பவனுக்கு ஓர் ஆறுதல் உண்டு: பழுதைச் செய்த பாவி எப்போதும் வேறொருவன்தான். இந்தத் தொழிலில் விரல் சுட்டுக்கொண்ட நண்பர்களே, நீங்களும் அப்படித்தான் நம்பியிருப்பீர்கள்.

ஊருக்கு வேண்டாத பொருள்

மலாயாவுக்குச் சுதந்திரம் வந்த வருடம், மழை மாதம். மலாக்கா டவுனில், காஜா பேராங் பகுதியில் நான் வேலை பார்த்த பட்டறைக்கு ஒரு பழைய ஜீப் வந்தது. ஓட்டி வந்தவர் மாணிக்கம். பத்து பெரெண்டாம் என்ற ஊருக்கு அப்பால் ஒரு ரப்பர் தோட்டத்தில் டிரசர். தோட்டத்தில் மருந்து கொடுப்பது, காயம் கட்டுவது, அவசரமென்றால் நோயாளியை டவுன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவருவது எல்லாம் அவர்தான். தாய்நாட்டுக்குத் திரும்பிய துரை விட்டுப்போன ஜீப்பைத் தோட்டம் அவருக்குக் கொடுத்திருந்தது.

“ஹீட்டர் விசிறி சுத்தல” என்றார். வேனுக்கு பல்பு மாற்ற வந்திருந்த மசாலாக் கடை காதர் நானா சிரித்துவிட்டார்.

“ஊரே அடுப்பா கொதிக்குது, டிரசருக்கு மட்டும் குளிருதாம் லா!”

புகை படிந்த கண்ணாடி

டிரசர் சிரிக்கவில்லை. மழைக்குத் தார்ப்பாயை இறக்கிவிட்டால், உள்ளே இருப்பவர்களின் மூச்சே முன்கண்ணாடியில் புகைபோல் படிந்துவிடுகிறது. துடைத்தால் மறு நிமிடம் மறுபடி படிகிறது. விசிறி சூடான காற்றைக் கண்ணாடிமேல் தள்ளினால்தான் அது விலகும். போன வாரம் காய்ச்சல்காரர் ஒருவரை ஏற்றிவந்தபோது, வழி தெரியாமல் ஒரு சக்கரம் பெரிய வாய்க்காலுக்குள் இறங்கிவிட்டதாம்.

தோட்டத்தில் லெட்சுமி என்ற பெண்ணுக்குத் தலைப்பிரசவம். கால்கள் வீங்கி, இரத்த அழுத்தமும் ஏறியிருந்தது. வலி வருமுன் ஆஸ்பத்திரியில் சேர்த்தாக வேண்டும்.

“நாளைக்குக் காலையில அவள கொண்டு வரணும் தம்பி. எனக்கு ரோடு தெரிஞ்சா போதும்.”

ஒவ்வொன்றாக

அவசரமென்றாலும் ஊகம் கூடாது. ஃபியூஸைப் பார்த்தேன், நன்றாக இருந்தது. சுவிட்சின் இரு பக்கமும் சோதனை விளக்கை வைத்தேன், இரண்டிலும் எரிந்தது. பாட்டரியிலிருந்து விசிறிக்கு நேராக ஒரு வயர் கொடுத்தேன். தூசியையும் ஒரு செத்த கரப்பானையும் துப்பிவிட்டு ஜம்மென்று சுற்றியது. ஆகவே குற்றம் சுவிட்சுக்கும் விசிறிக்கும் நடுவே ஓடும் வயரில்.

பக்கத்தில் நின்ற டிரசர் பல்லைக் கடித்தார். “எந்த மடையனோ வயர்ல கைய வச்சிருக்கான். கிடைச்சான்னா, இருக்கறதுலயே பெரிய ஊசியா எடுத்துக் குத்துவேன்!”

வெள்ளை நூல்

மல்லாந்து படுத்து டார்ச் அடித்தேன். வயரை யாரோ வெட்டியிருந்தார்கள். இரு முனைகளிலும் கறுப்பு டேப், அதன்மேல் மூன்று சுற்று வெள்ளை நூல், முடிச்சு.

நம் ஊர் வெக்கையில் டேப்பின் பசை இளகிப் பிரிந்துவிடும். அதனால் அதன்மேல் நூல் கட்டுவது என் வழக்கம். எனக்குத் தெரிந்து மலாக்காவில் வேறு எவனும் கட்டியதில்லை.

மூன்று வருடத்துக்கு முந்திய காரியம் நினைவுக்கு வந்தது. துரையின் மனைவி வண்டியில் ஏறும்போதெல்லாம் முழங்கால் பட்டு சுவிட்ச் விழுந்து, காலில் அனல் அடிக்கிறதென்று ஜீப்பை அனுப்பியிருந்தார்கள். இந்த ஊரில் யாருக்கு ஹீட்டர் என்று வெட்டிவிட்டேன். ஒரு சீட்டுக்கூட எழுதிக் கட்டவில்லை.

சத்தமில்லாமல் ஒட்டிவிட்டு எழுந்திருக்கலாம். ஆனால் அந்த வாய்க்கால் கண்முன் நின்றது. வெளியே வந்து, “அந்த மடையன் நான்தாங்க ஐயா” என்றேன்.

அவர் குனிந்து அந்த நூலைப் பார்த்தார்.

“ஊசி அப்புறம். முதல்ல வயர ஒட்டு.”

மறுநாள்

விடியும்போதே கொட்டியது மழை. எனக்கு வேலையே ஓடவில்லை. தெருவில் எந்த வண்டி உறுமினாலும் எட்டிப் பார்த்தேன். பத்து மணிக்கு, ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பும் வழியில், ஜீப் வாசலில் வந்து நின்றது. மழைக்குள்ளும் முன்கண்ணாடி வழியாக டிரசரின் பல்வரிசை தெரிந்தது. அப்போதுதான் எனக்கு மூச்சு வந்தது.

லெட்சுமியைச் சேர்த்தாயிற்று, நேரத்தோடு வந்தீர்கள் என்று டாக்டர் சொன்னாராம். இறங்கியவரின் சட்டையைப் பிழிந்தால் வேர்வையே ஒரு வாளி நிறையும்.

“கண்ணாடி பளிச்சுன்னு இருக்கு தம்பி, நாங்கதான் இட்லியா அவிஞ்சுட்டோம்!”

அன்றிலிருந்து, முன்பு வேலை பார்த்தவனைத் திட்ட வாயெடுக்குமுன், வயரில் வெள்ளை நூல் இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொள்கிறேன்.