பாம்பின் முன் சப்பாத்தைக் கழற்றியவர்

பனி பெய்யும் வில்லரே நகர்ப்பகுதியில், மீன் தீனி வாங்கப் போன வளர்ப்புப் பிராணிக் கடையில்தான் அவரைப் பார்த்தேன். நரைத்த மீசை, நெற்றியில் மெல்லிய திருநீறு. பாம்பு இருந்த கண்ணாடிப் பெட்டியின் முன் பனிச் சப்பாத்தைக் கழற்றி வைத்துவிட்டு, ஈரத் தரையில் காலுறையோடு நின்றார்.

"ஏன் ஐயா கழட்டி வச்சிருக்கிறியள்?" என்று கேட்டேன்.

"சாமியாச்சேம்மா, பழக்கம். இதை வளர்க்கணும்னு பொண்ணு ஒரே பிடிவாதம். பால் ஊத்தினா போதும்னு நினைச்சு சரின்னுட்டேன். இங்க வந்தா, உறைஞ்ச எலிதான் சாப்பாடாம். எங்க வீட்டுக்குள்ள முட்டைகூட வராது. அதுவும் எலி, பிள்ளையார் வாகனம்! நீங்களே சொல்லுங்க, வாங்கலாமா?"

நானோ மன்னாரில் பிறந்த கத்தோலிக்கப் பெண். "எங்கட வீட்டுச் சுரூபத்தில மாதா பாம்பை மிதிச்சுக்கொண்டெல்லோ நிக்கிறா. என்னட்டைப் போய்க் கேக்கிறியளே!" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. சப்பாத்தை மாட்டிக்கொண்டு வாசல்வரை போனார். திரும்பி வந்து மறுபடியும் கழற்றினார். நான் வெளியே வரும்போதும் அங்கேயேதான் நின்றார்.

வாங்கினாரோ இல்லையோ, தெரியாது. ஆனால் இப்போதெல்லாம் செபம் சொல்லும்போது என் கண் மாதா சுரூபத்தின் முகத்தில் நிற்பதில்லை, காலடியிலுள்ள பாம்புக்குப் போய்விடுகிறது. அது கடைசியாக எப்போது சாப்பிட்டிருக்கும் என்று யோசிக்கிறேன்.