போனைக் கீழே வை

எங்கள் அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்த பெண் எழுதிய நிரல், ஏதோ வேலையில் இருந்த இன்னொரு நிரல்துண்டிடம், அதாவது ஆப்ஜெக்டிடம், நொடிக்கு ஒரு முறை "முடிஞ்சுதா, முடிஞ்சுதா" என்று நச்சரித்துக்கொண்டிருந்தது. இதற்குப் போலிங் என்று பெயர். எங்கள் வீட்டில் இதற்குச் சித்தி என்று பெயர்.

அப்போது எனக்கு எட்டு வயது. பாகலூரில் எங்களோடு இருந்த சித்தி, ஓசூர்க் கம்பெனி ஒன்றில் இன்டர்வியூ முடித்து வந்திருந்தாள். செலக்ட் ஆனால் நாங்களே போன் செய்கிறோம் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். எங்கள் வீட்டில் போன் இல்லை. அதனால் எதிர்க் கடையிலிருந்த, காசு போட்டுப் பேசும் போனின் நம்பரைக் கொடுத்திருந்தாள். வந்தால் கூப்பிடுவதாகக் கடைக்கார அக்காவும் சொல்லியிருந்தார். அத்தோடு சும்மா இருக்க வேண்டியதுதானே! சித்தியால் முடியவில்லை. என் கையில் ஒரு ரூபாயைத் திணித்து, "போயி கம்பெனிக்குப் போட்டுக் கேளு கண்ணு" என்பாள். தான் மட்டும் வர மாட்டாள். கேட் செக்யூரிட்டி எடுத்து, சொல்லுவாங்க, வை என்பார். திரும்பி வந்து சொல்வேன். உடனே அடுத்த ரூபாய் வரும்.

மூன்றாம் நாள் கடைக்கார அக்காவுக்குப் பொறுமை போய்விட்டது. என் கையிலிருந்து ரிசீவரைப் பிடுங்கி வைத்தார்.

"அட, இதைக் கீழ வெச்சாத்தான கண்ணு அவுங்க கூப்புட முடியும்!"

வைத்த கையை அவர் எடுப்பதற்குள் மணி அடித்தது. கம்பெனி மேடம்தான். காலையிலிருந்து போட்டுக்கொண்டே இருக்கிறாராம், எப்போது பார்த்தாலும் எங்கேஜாம். இந்த முறையும் கிடைக்காவிட்டால் லிஸ்டில் அடுத்த பேருக்குப் போயிருப்பாராம். நான் செருப்பைக் கடையிலேயே விட்டுவிட்டு ஓடினேன். சித்தி என்னைத் தூக்கித் தட்டாமாலை சுற்றினாள். அடுத்த வாரம் நீலக் கோட்டு போட்டுக் கம்பெனி பஸ் ஏறினாள்.

புதுப் பெண்ணுக்கு இந்தக் கதையைத்தான் சொன்னேன். அடுத்துச் செய்ய வேண்டியதை எழுதிய உன் மெத்தட் ஒன்றை அந்த ஆப்ஜெக்டிடம் கொடுத்து வை, வேலை முடிந்ததும் ஆப்ஜெக்டே அந்த மெத்தடைக் கூப்பிடும், அதுதான் கால்பேக், அதுவரை நீ உன் வேலையைப் பார் என்றேன். சிரித்துக்கொண்டே திருத்தினாள்.

மாலையில் சித்திக்குப் போன் போட்டு இதைச் சொல்லிக் கிண்டலடித்தேன். கூப்பிடுகிறோம் என்றால் நம்ப வேண்டாமா என்று கேட்டேன். சித்தியும் சிரித்தாள். பிறகு சொன்னாள்:

"அந்த வருசம் என்னைப் பொண்ணு பாக்க நாலு வூட்டுக்காரங்க வந்தாங்க கண்ணு. எல்லாருந்தான் போயி தகவல் சொல்றோம்னாங்க. ஒருத்தரும் சொல்லல."

அந்த ஞாயிற்றுக்கிழமைகள் எனக்கு நன்றாகவே நினைவிருக்கின்றன. வீட்டில் கேசரியும் பஜ்ஜியும் செய்வார்கள். அடுத்த ஞாயிறும் வேறு யாராவது வர வேண்டுமென்று நான் சாமியிடம் வேண்டிக்கொள்வேன்.