கப்பலேறிய கருவாட்டு இலைகள்

பழவேற்காட்டு டச்சுக் கோட்டை வைத்தியருக்குச் செடி என்றால் உயிர். தன் ஊரில் வைத்தியம் படிக்கும் பிள்ளைகள் பார்த்துப் படிக்கட்டும் என்று நம் கரையோரச் செடிகளைக் கப்பலில் அனுப்ப ஆசைப்பட்டார். ஆனால் காகிதத்துக்குள் வைத்ததெல்லாம் ஏரிக்காற்றின் ஈரத்தில் பூசணம் பிடித்துப் போனது.

கருவாடு காயவைத்துப் பிழைக்கும் என்னைக் கூப்பிட்டார். "உன் கருவாடு மட்டும் கெடறதில்லையே, இதையும் காய வெச்சுக் குடும்மா" என்று ஒரு கூடைச் செடியைத் தந்தார். தமிழை எங்கள் கரையில் கற்றவர்.

எனக்குத் தெரிந்தது ஒரே வழிதான். உப்புத் தடவி, நெத்திலிக்குப் பக்கத்திலேயே பாயில் பரப்பினேன்.

கப்பல் புறப்படும் காலையில் கூடையைத் திறந்தவர் மூக்கைப் பொத்திக்கொண்டார்.

"இன்னாம்மா இது, கொழம்பு வெக்கவா?"

நான் பதறினேன். "கெடக் கூடாதுன்னு நீங்கதானே தொரை சொன்னீங்க!"

ஓர் இலையை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். நரம்புகூடக் கலையவில்லை, பொட்டுப் பூசணம் இல்லை. விழுந்து விழுந்து சிரித்துவிட்டுக் கூடையை அப்படியே கப்பலேற்றினார்.

இப்போதும் நெத்திலியைத் திருப்பிப் போடும்போது எனக்குச் சிரிப்பு வரும். நம் ஊர்ச் செடிகளுக்கெல்லாம் கருவாட்டு வாசம் என்றே அந்தப் பிள்ளைகள் படித்துத் தேறியிருப்பார்கள்.