மக்காச்சோளக் கச்சேரி

காத்தாயியின் கல்யாணத்துக்கு மாமியார் கேட்டது பீரோ, வந்தது ஆர்மோனியம். கல்லங்குறிச்சிப் பக்கம் பஜனைக் கோஷ்டி நடத்திக்கொண்டிருந்த அப்பாவிடம் கொடுப்பதற்கு வேறு எதுவும் இல்லை. வாலிகண்டபுரத்துக்குக் கிழக்கே இருந்த புகுந்த வீட்டில், அந்தப் பெட்டியின் மேல் சில வருஷம் துணி மடித்து வைத்தார்கள். ஆக, பீரோ வேலையையும் அதுவே பார்த்தது.

பிறகு ஒரு மார்கழியில் ஊர்ப் பஜனைக்கு ஆள் குறைந்தபோது பெட்டி திறந்தது. மேல் சுருதியில் தடுக்காமல் ஏறுகிற குரல் அவளுடையது. ஊர் முதலில் பாட்டை ஏற்றுக்கொண்டது. பாட்டுக்காரியை ஏற்றுக்கொள்ள இன்னும் கொஞ்ச காலம் பிடித்தது.

அவள் விவசாயிகளுக்காகப் பேசப் போனதும் அந்தக் குரலால்தான். வரப்பில் நின்றால் அரசாங்கத்தையே கிழித்துத் தொங்கவிடுகிற ஆண்களுக்கு, கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்தில் மைக்கைப் பார்த்ததும் நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். மைக்குக்குப் பயப்படாத ஒரே ஆள் என்று இவளை அனுப்பினார்கள். வெங்காயத்தில் வந்த நோய், பருத்தி எடை, தூர்ந்துபோன ஏரி வாய்க்கால் என்று மாதம் ஒன்றைப் பேசினாள். சில நடந்தன; பல நடக்கவில்லை. எதுவுமே நடக்காத மாதத்திலும் கைதட்டல் மட்டும் குறையவில்லை. அதுதான் அவளை உறுத்தியது.

இப்படி இருக்கும்போதுதான் காட்டுப்பன்றிகள் மக்காச்சோளத்தில் இறங்கின. ஊரில் ஆளுக்கொரு ஸ்பீக்கர் வாங்கி, "ஏய், ஓடு, ஓடு!" என்று தங்கள் குரலைப் பதிந்து, சோளக் காட்டில் கம்பம் நட்டுக் கட்டினார்கள். காத்தாயியின் புருஷன் ராசாங்கத்துக்கு அதட்டத் தெரியாது. அவர் அதட்டிப் பதிந்ததைக் கேட்டால், பன்றியிடம் வழி விசாரிப்பது போலிருந்தது. அதை அழித்துவிட்டு, போனில் இருந்த மனைவியின் பஜனைப் பாட்டு ஒன்றை ஓடவிட்டார். அவளே கட்டிய பாட்டு. பெருமாளை வா வா என்று அழைப்பது.

விஷயம் தெரிந்ததும் காத்தாயி கொதித்துப்போனாள்.

"சாமி பாட்டப் போட்டா பன்னி வெரட்டுறீங்க?"

"நீ பாடுனாத்தான் புள்ள, ஒண்ணும் கிட்ட வர மாட்டேங்குது."

"இதப் பாராட்டுன்னு வேற எடுத்துக்கணுமா?"

பக்கத்துக் காட்டு அய்யம்பெருமாள் சும்மா இருப்பாரா? "அண்ணி, வா வான்னு பெருமாளக் கூப்புடுறீங்க. அவரு பன்னி அவதாரமே எடுத்தவரு. நெசமா வந்து நின்னா, தொரத்துவீங்களா, தேங்கா ஒடைப்பீங்களா?"

ஆனால் பன்றி உண்மையிலேயே வரவில்லை. அய்யம்பெருமாளே அந்தப் பாட்டைத் தன் போனில் வாங்கிக்கொண்டார். அடுத்தடுத்த காடுகளிலும் அதுதான் ஓடியது. காத்தாயியின் கோபம் கரைந்து, அது இருந்த இடத்தில் பெருமை வந்து உட்கார்ந்தது. சபையில் பாடியவர்கள் எத்தனையோ பேர். காட்டைக் காவல் காத்த குரல் யாருக்கு வாய்த்தது? வெளியே சலித்துக்கொள்வாள். சலிப்பில் ஒரு சிரிப்பு இருக்கும்.

பருத்தி வெடித்ததும் அவள் ரோட்டோரக் காட்டுக்கு எடுப்புக்குப் போனாள். மக்காச்சோளத்தை ராசாங்கம் பார்த்துக்கொண்டார். எப்படி இருக்கிறது என்று கேட்டால், "அதுக்கென்ன, இருக்கு" என்பார்.

பன்றிச் சேதத்தைப் பற்றிப் பேசச் சொல்லி ஊர் அவளை அந்த மாதக் கூட்டத்துக்கு அனுப்பியது. எந்தக் காட்டில் சேதம் என்று யாரும் சொல்லவில்லை. ஸ்பீக்கர் இல்லாத காடாக இருக்கும் என்று அவளாகவே நினைத்துக்கொண்டாள். அதிகாரிகள் வந்து காட்டைப் பார்க்க வேண்டும், பார்த்தால்தான் நிவாரணம் என்று நன்றாகத்தான் பேசினாள்.

வனத்துறையிலிருந்து வந்திருந்த வனவர் தமிழழகன் கெட்டவர் அல்ல, சிரித்த முகத்துக்காரர். போனை எடுத்து ஒரு வீடியோவை ஓடவிட்டார். யாரோ ஒரு பையன் எடுத்தது. அதில் ராசாங்கம் நெஞ்சை நிமிர்த்தி நின்று, "எங்க வூட்டுக்காரி பாட்டப் போட்டா ஒரு பன்னி எட்டிப் பாக்காதுங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தார். கூட்டம் கொல்லென்று சிரித்தது.

"நீங்களே சொல்லுங்கம்மா. பாட்டு வேல செய்யுதா, இல்லையா? செய்யுதுன்னா, வேற ஊரெல்லாம் காத்துக்கெடக்கு, அங்க போறோம்."

காத்தாயி மைக்கைப் பிடித்தபடி நின்றாள். இல்லை என்று சொன்னால் ஊருக்கு அதிகாரி வருவார், பாட்டு போகும். ஆமாம் என்று சொன்னால் பாட்டு பிழைக்கும், ஊர் போகும். வாழ்க்கையில் முதல்முறையாக மைக்கின் முன்னால் அவளுடைய நாக்கு ஒட்டிக்கொண்டது.

கடைசி வரிசையில் ஒரு நாற்காலி நகர்ந்தது. எழுந்து நின்றவர், டீக்கடையில்கூடக் குரல் உயர்த்தி டீ கேட்காத ராசாங்கம்.

"வேல செய்யலிங்க. முன்ன செஞ்சுது. இப்ப பாட்டுப் போடுற எடத்துலதான் அதிகமா மேயுது. எல்லாக் காட்டுலயும் அப்புடித்தான். அவளுக்குத் தெரியாதுங்க."

இந்த முறை யாரும் சிரிக்கவில்லை.

பஸ் பாதி வழி வந்ததும் காத்தாயி ஜன்னலிலிருந்து திரும்பினாள்.

"ஏன் எங்கிட்டச் சொல்லல?"

"பாடுறவகிட்ட, ஒம் பாட்டுக்குப் பன்னிகூட பயப்படலன்னு எப்புடிச் சொல்றது?"

"அவ்வளவு பேரு முன்னால மட்டும் சொல்லலாமாக்கும்?"

"அங்க நீ திட்ட முடியாதுல்ல."

மறுவாரம் தமிழழகன் வந்தார். ஸ்பீக்கர் பாடிக்கொண்டேதான் இருந்தது. கம்பத்தைச் சுற்றி ஒரு சோளத்தட்டைகூட நிமிர்ந்து நிற்கவில்லை. கதிரெல்லாம் மென்று துப்பிக் கிடந்தது. கம்பத்தின் அடியில் மண்ணைக் குழித்து, பன்றிகள் படுத்துப் புரண்ட தடம். ஈரம்கூடக் காயவில்லை. அவர் குனிந்து பார்த்துப் படம் எடுத்துக்கொண்டார். "பூரா ஊரையும் நிவாரணத்துல சேத்துடுறேம்மா" என்றவர், போகும்போது தயங்கி, "வேற எங்கயும் இப்புடி பக்கத்துல வந்து படுத்து நான் பாத்ததில்ல" என்றும் சொன்னார். ஆறுதலாகத்தான் சொன்னார் போலும்.

அவர் போனபின் காத்தாயி அங்கேயே நின்றாள். காட்டில் நின்று தன் பாட்டை முழுதாகக் கேட்பது இதுதான் முதல்முறை. சரணம் வந்ததும் அவள் முகம் சுளித்தாள்.

"சுருதி எறங்கியிருக்கு. இதையா இத்தன நாளும் ஊரெல்லாம் போட்டீங்க?"

"பன்னி ஒண்ணும் கொற சொல்லலயே" என்றார் ராசாங்கம்.

அவள் கைநீட்டி ஸ்பீக்கரை நிறுத்தினாள். பாட்டு நின்றதும், நிமிர்ந்திருந்த மிச்சச் சோளத்துக்குள் ஏதோ ஒன்று எழுந்து, அவசரப்படாமல் நடந்து போகும் சத்தம் கேட்டது.