முதலாளி வராத வியாழக்கிழமை

இந்த முதியோர் இல்லத்தில் பதினோரு வருஷமாகப் படுக்கை மாற்றுகிறவள் நான். எனக்கு வாய் ஜாஸ்தி என்பார்கள். இருந்துவிட்டுப் போகட்டும். குதிரைக்காரரைப் பற்றி நான் சொல்லாவிட்டால் வேறு யார் சொல்லப்போகிறார்கள்?

வியாழக்கிழமைதோறும் அவர் ஒரு குட்டைக் குதிரையைக் கூட்டிக்கொண்டு வருவார். என் இடுப்பு உயரம்கூட இருக்காது. அந்த ஜாதிக் குதிரையே அவ்வளவுதான் வளருமாம். தரையில் வழுக்காமலிருக்க நாலு காலுக்கும் ரப்பர் செருப்பு. அது நடந்து வருகிற மிடுக்கைப் பார்த்து நான்தான் முதலாளி என்று பெயர் வைத்தேன். படுக்கையோரம் போய், நீட்டின கைக்கு மூக்கைக் கொடுத்துவிட்டு அசையாமல் நிற்கும். மாசக்கணக்கில் பேசாதவர்கள்கூடப் பேசிவிடுவார்கள். எல்லாம் குதிரையிடம்தான். கயிறு பிடித்த மனுஷனைக் கேட்க நாதியில்லை.

ஆறாம் அறைக்கு மட்டும் கடைசியாகப் போய் அரை மணி நேரம் இருப்பார். அங்கே இருக்கிற அம்மா அவர் சம்சாரம். முப்பத்தெட்டு வருஷம் குடும்பம் நடத்தியவள், மறதி நோய் வந்து புருஷனையே மறந்துவிட்டாள். அவர் சும்மா வந்து நின்றால், "யாரு இந்த ஆளு? வெளியே போகச் சொல்லு!" என்று அலறுவாள். அதனால்தான் மனுஷன் அறுபத்து மூன்று வயதில் குதிரை வாங்கிப் பழக்கினார். குதிரையோடு வந்தால், "வாங்க குதிரைக்காரரே" என்பாள். அந்த ஒரு வார்த்தைக்குத்தான் இத்தனை பாடும்.

போன மாதம் முதலாளிக்குக் கால் மூட்டு வீங்கிவிட்டது. இனிமேல் வேலைக்கு ஆகாது என்று மாட்டு டாக்டர் சொல்லிவிட்டார்.

"நான் மட்டும் போனா உள்ளே விடுவாளா?" என்று என்னைக் கேட்டார். எனக்குக் கோபம் கோபமாக வந்தது. யார் மேல் என்றுதான் தெரியவில்லை.

"கயிறைக் கையில பிடிச்சுக்கிட்டுப் போங்கண்ணே, பார்க்கலாம்" என்றேன்.

போனார். நானும் பின்னாலேயே போய் அறை வாசலில் நின்றேன். அவள் அலறவில்லை. கயிற்றையே பார்த்தாள்.

"வாங்க குதிரைக்காரரே. குதிரை எங்கே?"

"கால் வலிம்மா. வீட்டுல இருக்கு."

"கூட யார் இருக்கா?"

"யாரும் இல்லம்மா."

"நல்லா இருக்கே நியாயம்! வாயில்லா ஜீவனைத் தனியா விட்டுட்டு இங்கே என்ன வேலை உங்களுக்கு? பாவம், வாசலையே பார்த்துக்கிட்டு இருக்கும். கிளம்புங்க, கிளம்புங்க."

எனக்கா வாய் ஜாஸ்தி?

அவர் இன்னும் உட்காரக்கூட இல்லை. "சரிம்மா" என்றார். கயிற்றைச் சுருட்டிப் பைக்குள் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார்.